பதினான்காவது இணைப்பு

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் நான் முதலில் முத்திரையைப் பார்ப்பேன். பிறகு தேதி, பிறகு கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியில்தான் படிப்பேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவனின் கண் அப்படித்தான் பழகியிருக்கும். ஆகவே எதிர்வீட்டுத் தக்காளி மண்டிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அமெரிக்காவிலிருந்து வந்த தடித்த உறையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோது, உள்ளே கைவிடுவதற்கு முன் அதன் அஞ்சல் முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"நெசந்தானா சார்?"

"முத்திரை நெசம்."

"உள்ள இருக்கறது?"

"அத இன்னும் படிக்கல."

பின்னால் நின்றிருந்த அவருடைய மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. நான் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் பெரும்பாலும் தெற்கே இருந்து வந்த தொழிற்சாலைக் குடும்பங்கள்தாம். ஷிப்டுக்கு ஒரு கூட்டம் போகும், ஒரு கூட்டம் வரும். மண்டிக்காரர் மட்டும் உள்ளூர்க்காரர். ராயக்கோட்டைச் சந்தையில் கமிஷன் மண்டி. விவசாயியிடம் தமிழில் விலை குறைப்பார், பெங்களூர் லாரிக்காரனிடம் கன்னடத்தில் விலை ஏற்றுவார், கூடை தூக்குபவர்களைத் தெலுங்கில் திட்டுவார்.

மகன் சேலத்தில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராக இருந்தான். பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஒன்று மேற்படிப்புக்கு இடம் கொடுத்து, பாதிக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்திருந்தது. இதுவும் தவறினால் அவனுக்கு மண்டிதான். அப்பனுக்கும் மகனுக்கும் அந்த ஒரு விஷயத்தில் கருத்து வேற்றுமையே இல்லை. "இந்தத் தக்காளி என்னோட போவட்டும் சார்" என்பார் அவர். நசுங்கின தக்காளியின் வாசனை அவர் சட்டையை விட்டுப் போனதே இல்லை.

கடிதத்தில் ஒரு வரியின் கீழ் பையன் பென்சிலால் கோடு போட்டிருந்தான். படிக்கும் மாணவர் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் வேலை செய்யலாம் என்றது அந்த வரி.

"என்ன வேலை?" என்றேன்.

"லைப்ரரி, கேன்டீன், எது கெடைச்சாலும் சார். சாப்பாட்டுச் செலவு அதுல போயிடும்."

மண்டிக்காரருக்கு முகம் மாறியது. "கேன்டீன்லயா? தட்டு கழுவறதுக்கா இன்ஜினீயர் படிச்ச?"

"நீங்க கூடை தூக்கித்தானே அத்தா ஆரம்பிச்சீங்க?"

"அது நம்ம ஊர்க் கூடைடா!"

எனக்கு அந்த வரியே சந்தேகமாக இருந்தது. அரசாங்கம் என்ற ஒன்று, அது எந்த நாட்டு அரசாங்கமாக இருந்தாலும், அந்நியனைக் கூப்பிட்டு வேலை செய்துகொள் என்று சும்மா சொல்லாது. இதற்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கும், அந்த நிபந்தனைக்கு ஒரு விதிவிலக்கு இருக்கும், விதிவிலக்குக்கு ஒரு படிவம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நானும் அவர்களோடு பெங்களூருக்குப் புறப்பட்டேன். அங்கே ஒரு கல்வி ஆலோசகர் மூலமாகத்தான் பையன் விண்ணப்பம் போட்டிருந்தான்.

பஸ் அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியில் நின்றபோதே ஆலோசகரைப் பற்றி விசாரித்தேன்.

"முன்பணம் எவ்வளவு வாங்கினான்?"

"வாங்கலை சார். விசா கெடைச்ச பொறவு குடுத்தா போதும்னாரு."

முன்பணம் வாங்காத மனிதனை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அவன் மீது அப்போதே எனக்கு முழு அவநம்பிக்கை உண்டாகிவிட்டது.

மாடியில் சின்ன அலுவலகம். சுவரில் உலக வரைபடம். ஆலோசகர் கழுத்தில் டை கட்டியிருந்தார். பியூனிடம் கன்னடத்தில் டீ சொல்லி, எங்களிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, மண்டிக்காரர் முழிப்பதைப் பார்த்ததும் தமிழுக்கு இறங்கினார். நான் வேலை பற்றிய விதியைக் கேட்டேன். அவர் தயங்காமல் ஒரு நகலை எடுத்து நீட்டினார். வளாகத்துக்குள் மட்டும், இருபது மணி நேரத்துக்குள் மட்டும், முழுநேர மாணவனாக இருக்கும்வரை மட்டும். வெளியே வேலை செய்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்று 'மட்டும்' வந்ததும் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. இது உண்மையான விதிதான்.

"இன்டர்வியூல இவன் வேலை செய்யப் போறேன்னு சொல்லலாமா?"

"கேட்டா சொல்லலாம் சார். ரூல்ல இருக்கறதுதானே. ஆனா அந்த வேலைய நம்பித்தான் போறேன்னு மட்டும் தெரியக் கூடாது. அப்பாவால முடியாதுன்னு ஆயிடும். விசா இல்லை."

அதாவது, வேலை செய்யத் தேவையே இல்லை என்று நிரூபிப்பவனுக்குத்தான் வேலை செய்ய அனுமதி. எனக்கு அந்த விதி பிடித்துப்போயிற்று. நாங்களும் முதியோர் உதவித்தொகைக்கு, ஆதரவற்றவர் என்பதற்கு ஆதாரமாக இரண்டு பேரின் ஆதரவைக் கேட்டவர்கள்தாமே.

கிளம்பும்போது ஆலோசகர் பையனிடம் சொன்னார்: "நாலு பேப்பர் போதும் தம்பி. காலேஜ் லெட்டர், மார்க் ஷீட், பேங்க் லெட்டர், சொத்துச் சான்றிதழ். கேட்டதை எடுத்துக் குடுங்க. கேக்காததக் காட்டாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் நான் மண்டிக்காரரிடம் சொன்னேன்: "கவனிச்சீங்களா? மறைக்கச் சொல்றான். ஒளிவு மறைவு இல்லாதவன் பேப்பர்க் கட்டை முழுசாக் காட்டுவான்."

"நீங்க சொன்னா சரி சார்" என்றார் அவர்.

சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். உத்தனப்பள்ளியில் அவருக்கு அண்ணன்மாரோடு பொதுவில் நிலம். பாகப் பத்திரம், சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, வருவாய் ஆய்வாளர் பரிந்துரை எல்லாம் சேர்த்து ஓசூர் அலுவலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இருந்தவர் எழுந்து நின்று மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"வாங்க சார், உக்காருங்க. எல்லாம் சரியா இருக்கு. வெள்ளிக்கெழம வாங்க."

அந்த வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்தவனே நான்தான். மூன்று வெள்ளிக்கிழமை நடந்தேன். நடுவில் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என்னிடம் வேலை பார்த்த டபேதார் வந்து, "என்ன சார், மனுதாரரா வந்திருக்கீங்க போல?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் கேட்ட விதத்தில் விசாரிப்பை விடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

சான்றிதழ் வந்தது. நான் கட்டைத் தயார் செய்தேன். பிறப்புச் சான்றிலிருந்து ரேஷன் கார்டு நகல் வரை மண்டிக்காரர் வீட்டில் இருந்த தாள்களை எல்லாம் வாங்கி வரிசைப்படுத்தி, சிவப்பு மையில் எண் போட்டு, துளையிட்டு நாடா கட்டினேன். மேலே வைக்க ஒரு பட்டியல் தேவை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த டைப்பிஸ்டிடம், தாள்களின் விவரத்தை மண்டிக்காரர் சொல்லச் சொல்ல, ஆங்கிலத்தில் அடிக்க வைத்தோம். இணைப்பு ஒன்று முதல் இருபத்து மூன்று வரை. கடைசி நேரத்தில் அவரே வீட்டில் தேடி இரண்டு தாள் கொண்டுவந்து நடுவில் செருகி, டைப்பிஸ்டிடம் அவற்றுக்கும் வரிசையில் எண் வாங்கிவிட்டார்; நான் அதைக் கவனிக்கவில்லை.

சென்னைக்குப் பகல் பஸ்ஸில் அப்பனும் மகனும் கிளம்பும் நாள். மறுநாள் காலை விசாவுக்கு அமெரிக்கத் தூதரக நேர்காணல். பையன் குளிக்கப் போயிருந்தான். நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். பதினான்காவது இணைப்பில் என் கை நின்றது.

வருமானச் சான்றிதழ். ஆறு வருடத்துக்கு முன், பையன் கல்லூரியில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்தது. தகப்பனாரின் ஆண்டு வருமானம் ஒன்பதாயிரம் ரூபாய். முத்திரை சரி. தேதி சரி. கையெழுத்து என்னுடையது.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. அப்போதுதான் இந்தத் தெருவுக்குக் குடிவந்திருந்தோம். மண்டிக்காரர் விண்ணப்பத்தை நீட்டியபோது "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டவன் நான்தான். "நீங்களே பாத்துப் போடுங்க சார்" என்றார். உச்சவரம்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே பத்திரமான தூரத்தில் ஒரு தொகையைப் போட்டேன். விசாரணை செய்ததாக ஒரு வரியும் எழுதினேன். அவருடைய மண்டிக்கு ஒருநாளில் வரும் லாரிகளை எண்ணினாலே அந்தத் தொகை பொய் என்று தெரிந்துவிடும். பணம் எதுவும் வாங்கவில்லை. மறுநாள் ஒரு கூடை தக்காளி வந்தது. என் மனைவி தொக்கு செய்தாள். ஒரு மாதம் வந்தது.

"இத எதுக்கு வெச்சீங்க?" என்று கேட்டேன்.

மண்டிக்காரர் பெருமையாகச் சொன்னார்: "உங்க கையெழுத்து இருக்குது இல்ல சார்! ஆபீசர் கையெழுத்து. அதுக்கு ஒரு வெயிட்டு இருக்கும்."

வாழ்நாள் முழுக்க வருமானத்தைக் குறைத்துக் காட்டியே பழகியவருக்கு, இந்த ஒரு இடத்தில் கூட்டிக் காட்ட வேண்டும் என்பது புத்தியில் ஏறவே இல்லை. சான்றிதழ் என்றால் எல்லாம் ஒரே ஜாதி, எத்தனை சேருகிறதோ அத்தனை பலம் என்று நம்பினார். அப்படி நம்ப வைத்தவனும் நான்தான்.

அவர் டீ சொல்ல உள்ளே போனார். நான் நாடாவை அவிழ்த்துப் பதினான்கை உருவி, நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அரசு ஊழியன் தெரிந்தே பொய்ச் சான்று கொடுத்தான் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டும். ஓய்வூதியக்காரனுக்கு, அதை நிறுத்திவிடுவார்களோ என்று இந்த உலகத்தில் யாரைப் பார்த்தாலும் ஒரு பயம் உண்டு. பட்டியலைத் திரும்ப அடிக்க நேரமில்லை. பட்டியலை யார் படிக்கப் போகிறார்கள்? ஆயிரக்கணக்கில் பட்டியல் போட்டவன் நான். எதையும் யாரும் படித்ததில்லை.

தூதரகத்தில் அதைப் படித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்த பையன் நடந்ததைச் சொன்னான். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அம்மாள். இவன் நான் சொல்லிக் கொடுத்தபடி முதலில் பட்டியலை உள்ளே தள்ளியிருக்கிறான். அந்த அம்மாள் விரலால் ஒவ்வொரு வரியாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திக் கேட்டாளாம்: படிப்புச் செலவைத் தருபவர் உன் தகப்பனார், அவருடைய வருமானச் சான்று பதினான்கு என்று இருக்கிறது, அதைக் காட்டு. இவன் கட்டைப் புரட்டியிருக்கிறான். பதின்மூன்று, அடுத்தது பதினைந்து. இன்னொரு தரம் புரட்டியிருக்கிறான். பின்னால் வரிசை நீண்டிருக்கிறது.

"காணோம்னு சொன்னேன் சார். 'எப்படிக் காணாமப் போகும், நம்பர் போட்டிருக்கே'ன்னாங்க. எனக்கு ஒண்ணும் வரல."

பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு முத்திரை குத்தி, விசா இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக விழுந்திருந்தது.

மண்டிக்காரர் அழவில்லை, கத்தவில்லை. மறுநாள் காலையிலேயே பையனையும் கூட்டிக்கொண்டு பெங்களூருக்குக் கிளம்பினார். நேர்காணலுக்கு முந்தின வாரம் சரிபார்க்க ஆலோசகரிடம் ஒருநாள் கட்டைக் கொடுத்து வைத்திருந்தோம்; அவர் தன் நாலு தாளை மட்டும் பார்த்திருந்தார். தாள் அங்கேதான் போயிருக்கும் என்பது மண்டிக்காரரின் முடிவு. என்னையும் அழைத்தார். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"என் கட்டுல கை வெச்சது நீதான்!" என்று ஆலோசகரின் மேஜையை அறைந்தார். அதுவரை அவரை 'சார்' என்றுதான் அழைத்திருந்தார். "எவன்கிட்ட வித்த அந்தத் தாளை? சொல்லு!"

"உங்க இன்கம் சர்டிபிகேட்ட யார் சார் வாங்குவாங்க?" என்றார் ஆலோசகர். "நாலு பேப்பர் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். லிஸ்ட் போடச் சொன்னது யாரு?"

"லிஸ்டு போட்டது எங்க சாரு! முப்பத்து நாலு வருசம் சர்வீசு!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆலோசகர் கோபமாக, மண்டிக்காரர் பெருமையாக. பையன் எப்படிப் பார்த்தான் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. அவன் பார்வை என் முகத்திலிருந்து சட்டைப்பைக்கு இறங்கியதாக எனக்குப் பட்டது. அன்று நான் போட்டிருந்தது வேறு சட்டை. ஆனாலும் கை தானாகப் பையை மூடிக்கொண்டது.

ஒரு பைசாவும் வாங்காத மனிதன் திருட்டுப் பட்டத்தைச் சுமந்துகொண்டு எங்களை வாசல் வரை வந்து அனுப்பினான்.

அடுத்த இரண்டு மாதம் எல்லாவற்றையும் சந்தேகித்தேன். பையன் மாலையில் என் வீட்டைக் கடந்து போனால், ஏன் இந்தப் பக்கம் போகிறான் என்று பார்த்தேன். மண்டிக்காரர் மனைவி கத்தரிக்காய் கொடுத்தனுப்பினால், எதற்கு என்று யோசித்தேன். கல்லூரிக்குக் கடிதம் எழுதி ஜனவரி பருவத்துக்கு இடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டான் பையன். மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் பழைய கேள்விக்குப் பதில் வேண்டும். அதற்குள் மண்டிக்காரர் அவனைக் காலையில் ராயக்கோட்டைக்கு அழைத்துப் போக ஆரம்பித்திருந்தார். "சும்மா இருக்கறதுக்கு வந்து பில்லு எழுது" என்றாராம். ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவனின் சட்டையிலும் அந்த வாசனை இருந்தது.

அன்று அவனைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

"என் பேப்பரோட கலந்து போச்சு தம்பி."

அவன் வாங்கிப் பார்த்தான். நாலு மடிப்பையும் பார்த்தான். கலந்துபோகும் தாள் நாலாக மடிந்திருக்காது என்பது ஒரு இன்ஜினீயருக்குத் தெரியாதா?

"சரிங்க சார்" என்றான். பிறகு, "இதக் காட்டினா கேப்பாங்க சார். ஒம்பதாயிரம் சம்பாதிக்கறவரு எப்படி அனுப்புவாருன்னு."

"கேட்டா உண்மையச் சொல்லு."

"எது சார் உண்மை? இதுல இருக்கறதா, சொத்துச் சான்றிதழ்ல இருக்கறதா?"

முப்பத்து நான்கு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கும் தைரியம் உள்ளவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை. நான் அவனை உட்கார வைத்து, ஒரு முழு வெள்ளைத்தாள் எடுத்து ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த வருமானச் சான்றிதழ் என்னால் நேரடி விசாரணை செய்யாமல் வழங்கப்பட்டது. அதில் கண்ட தொகை மேற்படி நபரின் உண்மையான வருமானம் அல்ல என்பது அப்போதே எனக்குத் தெரியும். முன்னர் இது கட்டில் இல்லாமற்போனதற்கும் நானே காரணம். கீழே பெயர், பதவி, 'ஓய்வு', தேதி, கையெழுத்து. முத்திரை மட்டும் இல்லை. என் வாழ்க்கையில் முத்திரை இல்லாமல் நான் கையெழுத்திட்ட முதல் ஆவணம் அதுதான்.

அவன் படித்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது ஆகுமா சார்?" என்றான்.

"கேட்டா மட்டும் காட்டு" என்றேன். ஆலோசகரின் வாசகம்தான். அதற்குள் எனக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றத் தொடங்கியிருந்தது.

ஆலோசகரிடம் பையன் தனியாகப் போய்வந்தான். அங்கே என்ன பேசினான் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆலோசகர் மறுபடி உதவினார் என்பது மட்டும் தெரியும். மண்டிக்காரரோ, திருடனைப் பயமுறுத்தினதால் ஒழுங்காக நடந்துகொள்கிறான் என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை பையன் நாலே தாளோடு ஒரு மெல்லிய கவரில் கிளம்பினான். என் கடிதமும் பதினான்காவது இணைப்பும் அதற்குள் இருந்தனவா, சட்டைப்பையில் இருந்தனவா என்று தெரியாது.

விசா கிடைத்தது. மண்டிக்காரர் லட்டுப் பெட்டியோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் உங்க கையெழுத்துதான் சார்!"

நான் பையனைப் பார்த்தேன். "கேட்டாங்களா?"

"நெறைய கேட்டாங்க சார்" என்றான். அதற்குள் தெருக்காரர்கள் வந்து அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்புறம் அவன் கிளம்பும் வரைக்கும் தனியாக அகப்படவே இல்லை. அது தற்செயலா என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

அங்கே போய் மூன்றாம் மாதம் எனக்கு முதல் கடிதம் வந்தது. நூலகத்தில் வேலை கிடைத்திருந்தது. திரும்பி வரும் புத்தகங்களின் முதுகில் உள்ள எண்ணைப் பார்த்து வரிசையில் அடுக்க வேண்டும். ஒரு எண் விடுபட்டால் அந்தப் புத்தகம் இருக்கிறதா, களவு போயிற்றா என்று தேடி எழுதிக் கொடுக்க வேண்டும். வாரம் இருபது மணி நேரம், ஒரு நிமிடம் கூடுதலாக விட மாட்டார்களாம். அத்தாவிடம் நூலக வேலை என்று மட்டும் சொல்லுங்கள், அடுக்கும் வேலை என்று சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான். நான் அப்படியே சொன்னேன். மண்டிக்காரர் தன் மகன் அமெரிக்காவில் லைப்ரரி அதிகாரி என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார்.

நான் பதில் எழுதினேன். ஊர்ச் செய்தி, தக்காளி விலை, அவன் அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி: 'நான் கொடுத்த கடிதம் எங்கே இருக்கிறது?'

ஆறு வாரத்தில் பதில் வந்தது. பனி எப்படி விழுந்தது என்று எழுதியிருந்தான். தேர்வு, அறை நண்பர்கள், அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம், ஆலோசகருக்குத் தன் சம்பளத்தில் ஒரு பேனா வாங்கி அனுப்பியது, எல்லாம் இருந்தது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அடுத்த கடிதத்தில் மறுபடி கேட்டேன். அதற்கும் அன்பான, நீளமான பதில். அதிலும் அது இல்லை.

இன்றும் மாதம் பிறந்தால் கருவூலத்திலிருந்து ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. அரசு உறை எது வந்தாலும் பிரிப்பதற்கு முன் முத்திரையைப் பார்க்கிறேன். அந்தத் தாள் தூதரக அலமாரியில் இருக்கலாம், அவன் பெட்டியில் இருக்கலாம், சென்னை பஸ் ஜன்னல் வழியாகக் கிழித்து எறியப்பட்டிருக்கலாம். கேட்டதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் எழுதுகிறான். முப்பத்து நான்கு வருடம் நானும் மனுதாரர்களுக்கு அப்படித்தான் எழுதினேன்.